‘டிராப் எ ஹிண்ட்’ என்றால் கைவிடுவதா, போட்டு வைப்பதா?

இந்தக் கடிதத்தை எழுதியவர் 27 வயதுப் பெண். ஊர் விருதுநகர் பக்கம், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிப் படிப்பு, அப்புறம் பி.காம். நாலே கால் வருடமாகச் சென்னை பெருங்குடியில் வேலை. இங்கிலாந்தில் உள்ள ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் ஃபைல்களை இங்கே உட்கார்ந்து பார்த்து முடிக்கிற டீமில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ரிப்போர்ட் அனுப்புவது இவர் பொறுப்பு. அந்தப் பக்கம் அதை வாங்கிப் பார்ப்பவர் ஒரு ஆங்கிலேய மேனேஜர், கோபமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷர் என்று இவரே எழுதியிருக்கிறார்.

போன மாதம் வந்த ஃபீட்பேக்கில் அந்த மேனேஜர் இப்படி ஒரு வரி எழுதியிருந்தார்: "ஐ ஹேவ் டிராப்ட் எ ஃபியூ ஹிண்ட்ஸ் அபவுட் தி ஃப்ரைடே ரிப்போர்ட், பட் தே டோண்ட் சீம் டு ஹேவ் பீன் பிக்ட் அப் ஆன்." நம் வாசகி அதன் முதல் பாதியை, ரிப்போர்ட்டைப் பற்றி ஏதோ சொல்ல நினைத்து வேண்டாம் என்று கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதி சரியாகப் புரியவில்லை, கேட்கவும் கூச்சம். விட்டுக்கொடுத்ததற்கு நன்றி சொல்வதுதானே முறை என்று, "தேங்க் யூ ஃபார் டிராப்பிங் தி ஹிண்ட்ஸ்" என்று எல்லாரையும் சிசியில் வைத்துப் பதில் போட்டுவிட்டார். டீமில் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். டீம் லீட் சிரிக்கவில்லை. அன்று மாலை காபி மெஷின் பக்கத்தில் வைத்து, "இந்த ப்ராசஸ் உனக்கு செட் ஆகலைன்னா வேற ஆப்ஷன் பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. ராஜினாமா மெயில் எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறார். கேட்பது மூன்று கேள்விகள். அந்த வாக்கியத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம், நான் அவரை அவமானப்படுத்திவிட்டேனா? டீம் லீட் சொன்னது வேலையை விடச் சொல்லும் குறிப்பா, நானே மரியாதையாகப் போய்விடவா? மூன்றாவது, தை மாதம் கல்யாணம், அதற்கப்புறம் செங்கல்பட்டில் குடியிருக்கப் போகிறேன், இரவு பத்தரைக்கு முடிகிற ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லி ஆங்கிலத்தில் எப்படி ஹிண்ட் கொடுப்பது?

கடைசியில் ஒரு வரி: "வெள்ளைக்காரர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள். அவரே சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டி வந்தது என்றால் நான் எவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன் மேடம்."

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன் அம்மா, ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

நீங்கள் மக்கு இல்லை. வெள்ளைக்காரர்கள் நேராகப் பேசுகிறவர்கள் என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது. டச்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள் அலுவலகத்தில் பட்டென்று சொல்வார்கள் என்று அவர்களோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்வதுண்டு. ஆங்கிலேயர்கள் அப்படி இல்லை. குறை சொல்வதென்றால் பஞ்சில் சுற்றித்தான் கொடுப்பார்கள். ‘குவைட் குட்’ என்று ஒரு ஆங்கிலேயர் உங்கள் வேலையைச் சொன்னால் பல சமயம் அது பாராட்டே இல்லை, ‘ஏதோ பரவாயில்லை’ தான். அதே வார்த்தையை ஒரு அமெரிக்கர் சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இந்த வித்தியாசம் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களையும் கவிழ்த்திருக்கிறது. 1951 ஏப்ரலில் கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படைகள் சூழ்ந்துகொண்டன. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய படை. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் புரோடி தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் நிலைமையைச் சொன்ன விதம், "எ பிட் ஸ்டிக்கி" — கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. ஒரு ஆங்கிலேயர் காதில் அது ‘தாங்க முடியாது, உடனே ஏதாவது செய்யுங்கள்’ என்று விழுந்திருக்கும். அமெரிக்கர் காதில் ‘கஷ்டம்தான், ஆனால் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று விழுந்தது. பின்வாங்கும் உத்தரவு உரிய நேரத்தில் போகவில்லை. குளோஸ்டர்ஷர் படையணியின் ஒரு பட்டாலியன் மலை உச்சியில் மாட்டிக்கொண்டது, அதில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒரே மொழி பேசும் இரண்டு ராணுவ அதிகாரிகளுக்கு நடுவிலேயே ‘எ பிட்’ என்ற சின்ன வார்த்தை இத்தனை செய்தது. விருதுநகரிலிருந்து வந்து ஆங்கிலத்தை வேலைக்காகக் கற்றுக்கொண்ட ஒரு பெண் அதைத் தவறவிட்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்த வாக்கியத்தின் அர்த்தம்

‘டிராப்’ என்ற சொல் உங்களை ஏமாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. நாம் தமிழில் பேசும்போதே அந்தச் சொல்லைத் தினமும் ‘கைவிடு’ என்ற அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். "ஊட்டி பிளானை டிராப் பண்ணிட்டோம்", "அந்த ப்ராஜெக்ட் டிராப் ஆயிடுச்சு." ஆங்கிலத்திலும் ‘டிராப் இட்’ என்றால் ‘அந்தப் பேச்சை விடு’ தான். ஆனால் ‘டிராப் எ ஹிண்ட்’ வேறு வீட்டுப் பிள்ளை. அங்கே டிராப் என்பது விடுவதில்லை, போடுவது. போகிற போக்கில், பேச்சோடு பேச்சாக, அடுத்தவர் கண்ணில் படும்படி ஒரு பொருளைக் கீழே போட்டுவிட்டு நகர்வது போல ஒரு சேதியைப் போட்டு வைப்பது. "ஒரு மெயில் டிராப் பண்ணிடுங்க" என்று நீங்களே அலுவலகத்தில் பத்துத் தடவை சொல்லியிருப்பீர்கள், அங்கே மெயிலைக் கைவிடச் சொல்லவில்லையே. அந்த டிராப் தான் இது.

தமிழில் நாமும் ‘போடு’ என்றுதான் சொல்கிறோம் பாருங்கள். "மாமா காதுல போட்டு வை" என்கிறோம். பையன் வந்து அப்பா காலைப் பிடித்துவிட்டு, "அந்த ரமேஷ் வண்டி நல்லா மைலேஜ் கொடுக்குதாம்பா" என்று ஆரம்பித்தால், "பைக்குக்கு அடி போடுறான்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார். கோடிகாட்டுவது, ஜாடைமாடையாகச் சொல்வது, நூல் விட்டுப் பார்ப்பது என்று நம்மிடம் இதற்கு வார்த்தைகள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் ருசி கொஞ்சம் வேறு. ‘டிராப் எ ஹிண்ட்’டுக்கு மிக நெருக்கமானது கோடிகாட்டுவதும் காதில் போட்டு வைப்பதும்தான். குத்திக்காட்டுவது அதில் வராது, அதனால் உங்கள் மேனேஜர் உங்களைக் குத்தினார் என்று நினைக்க வேண்டாம்.

வாக்கியத்தின் இரண்டாம் பாதியையும் பாருங்கள். ‘பிக் அப் ஆன்’ என்றால் அப்படிப் போட்டதை இன்னொருவர் கவனித்து எடுத்துக்கொள்வது. ஆகவே அவர் எழுதியது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் பற்றி இரண்டு மூன்று தடவை சாடையாகச் சொல்லிப் பார்த்தேன், கவனத்துக்கு வந்த மாதிரி தெரியவில்லை." ‘ஹிண்ட்’ என்ற சொல்லின் வேரே ‘பிடித்துக்கொள்’ என்ற அர்த்தமுள்ள ‘ஹெண்ட்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் என்று கருதுகிறார்கள். ஒருவர் போட, இன்னொருவர் பிடிக்க வேண்டும். ‘டேக் தி ஹிண்ட்’, ‘கெட் தி ஹிண்ட்’ என்று சொல்வதெல்லாம் பிடிக்கிறவருக்கான வார்த்தைகள்.

சரி, நீங்கள் போட்ட பதில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? "ஹிண்ட் கொடுத்ததற்கு நன்றி" என்று. அவமானம் ஒன்றும் இல்லை. நன்றி சொல்கிறாள், ஆனால் என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லவில்லையே என்று கொஞ்சம் குழம்பியிருப்பார். சிரித்த இரண்டு பேர் சிரித்ததை மேனேஜரின் மனநிலையாக நீங்கள் மாற்றிக்கொண்டுவிட்டீர்கள். இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

அவர் மூன்று மாதமாகப் போட்டு வைத்தது என்ன

உங்கள் கடிதத்தோடு அவருடைய பழைய மெயில்களிலிருந்து மூன்று வரிகளை எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதை நான் தாளில் எழுதி, பென்சிலால் ஒரு வேலை செய்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

முதல் வரி: "யூ மைட் வாண்ட் டு ஹேவ் எ லுக் அட் தி டோட்டல்ஸ் வென் யூ கெட் எ சான்ஸ்." இதில் ‘மைட் வாண்ட் டு’வை அடியுங்கள், ‘வென் யூ கெட் எ சான்ஸ்’ஸை அடியுங்கள். மிச்சம் என்ன? ‘லுக் அட் தி டோட்டல்ஸ்.’ கூட்டுத்தொகை தப்பாக இருக்கிறது, பார்.

இரண்டாவது: "பர்ஹாப்ஸ் வீ குட் ட்ரை செண்டிங் இட் எ பிட் எர்லியர்." ‘பர்ஹாப்ஸ்’, ‘குட் ட்ரை’, ‘எ பிட்’ மூன்றும் போனால் ‘செண்ட் இட் எர்லியர்’. அங்கே ‘வீ’ என்று எழுதியிருப்பதும் உங்களைத்தான், அவர் எங்கே ரிப்போர்ட் அனுப்புகிறார்? நம் வீட்டில் "நாம கொஞ்சம் சீக்கிரம் எந்திரிச்சா நல்லாருக்கும்" என்று பெரியம்மா சொன்னால் யாரைச் சொல்கிறார் என்று நமக்குத் தெரியாதா.

மூன்றாவது: "ஐ வொண்டர் இஃப் தி சம்மரி இஸ் ஸ்லைட்லி லாங்." அவர் ஒன்றையும் யோசித்து வியக்கவில்லை. சுருக்கம் நீளமாக இருக்கிறது, குறை.

நீங்கள் இந்த மூன்றையும் ‘முடிந்தால் செய், இல்லாவிட்டால் பரவாயில்லை’ என்று படித்திருக்கிறீர்கள். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்த்தால் நீங்கள் படித்தது சரிதான், அதுதான் இதிலுள்ள சங்கடம். தமிழில் நீங்கள் இப்படிப் படிக்க மாட்டீர்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, "வெளியில என்னா வெயிலு" என்று நெற்றியைத் துடைத்தால் நீங்கள் வானிலை பற்றிப் பேச மாட்டீர்கள், மோர் கொண்டு வந்து கொடுப்பீர்கள். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அவர், "மோர் நல்லா தண்ணியா இருக்கு" என்றால் அதிலும் உங்களுக்கு ஒரு சேதி இருக்கும். பல ஆண்டுகளாக அலுவலகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியதில் நான் பார்த்தது இதுதான்: தாய்மொழியில் கண்ணசைவைக்கூடப் பிடிக்கிறவர்கள், ஆங்கிலத்தில் மெயில் வந்ததும் பரீட்சையில் பாராவைப் படிக்கிற மாதிரி வார்த்தையை மட்டும் படிக்கிறார்கள். திறமை குறைவு காரணம் இல்லை. தப்பு செய்துவிடுவோமோ என்ற பயத்தில் முழுக் கவனமும் இலக்கணத்துக்குப் போய்விடுகிறது, ஆள் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்க மனசில் இடமே மிஞ்சுவதில்லை.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குத் தெம்பாக இருக்கும். மனிதர்கள் ஒருவர் முகம் வாடாமல் இன்னொருவரிடம் எப்படிக் கேட்கிறார்கள், எப்படி மறுக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் படிக்கப்படும் ஆய்வு ஒன்று உண்டு. பெனிலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் செய்தது, 1978-ல் வெளிவந்து 1987-ல் தனி நூலானது. அவர்கள் ஒப்பிட்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்ட்டால், அப்புறம் தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசுகிற தமிழ்! நேரடியாகச் சொல்லாமல் காரியம் சாதிக்கும் வழிகளை அவர்கள் வரிசைப்படுத்தியபோது முதலில் வைத்தது குறிப்புக் கொடுப்பதைத்தான். திருவள்ளுவரும் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார், பொருட்பாலில் 71-வது, காமத்துப்பாலில் 110-வது. அரசவையில் நிற்கிறவனுக்கு ஒன்று, காதலிக்கிறவனுக்கு ஒன்று. இது நமக்குத் தெரியாத வித்தையே இல்லை அம்மா.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து ஒவ்வொரு மெயிலிலும் உள்ளர்த்தம் தேட ஆரம்பிக்காதீர்கள். ‘குட் மார்னிங்’கில் ஆச்சரியக்குறி இல்லையே, கோபமோ என்று நினைக்கிற அளவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது இன்னொரு வகைத் தூக்கமின்மை. நான் பார்க்கச் சொல்வது இரண்டே அடையாளம். அவர் சொல்வது உங்கள் பொறுப்பில் உள்ள ஒரு பொருளைப் பற்றியதா? அதையே வேறு வேறு விதமாக இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டாரா? இரண்டும் ஆமாம் என்றால் அது குறிப்பு. ஒன்று மட்டும் என்றால் கேட்டுவிடுங்கள், "டு யூ வாண்ட் மீ டு சேஞ்ச் திஸ்?" என்று. கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஆனால் கோபத்திலோ விளையாட்டிலோ யாரிடமும் "காண்ட் யூ டேக் எ ஹிண்ட்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘சொன்னாப் புரியாதா, இடத்தைக் காலி பண்ணு’ என்கிற தொனி அதற்கு.

டீம் லீட் சொன்னதற்காக ராஜினாமாவா?

வேண்டாம். இந்த ஒன்றில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன்.

குறிப்பாகப் பேசுவதில் ஒரு வசதி உண்டு, சொன்னவர் நாளைக்கு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நகர்ந்துகொள்ளலாம். அந்த வசதிக்காகத்தான் ஜனங்கள் குறிப்பாகப் பேசுகிறார்கள், அதில் பாதி நல்ல எண்ணத்தில்தான். ஆனால் நீங்கள் அதை நம்பி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ராஜினாமாவில் நகரும் வசதி கிடையாது. அது ‘நானாக விலகுகிறேன்’ என்றுதான் சொல்லும், பின்னால் வற்புறுத்தி வாங்கினார்கள் என்று சொன்னால் நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்தான் விழும். மேலும் உங்களுக்கு இப்போது நாலே கால் வருடம் ஆகிறது. நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குக் கிராஜுவிட்டி கிடைக்கப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கல்யாணச் செலவு வரும் நேரத்தில், ஒரு காபி மெஷின் பேச்சை நம்பி அதை இழக்க வேண்டுமா?

அவர் சொன்ன வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ‘வேற ஆப்ஷன்’ என்பது வேறு ப்ராஜெக்டாக இருக்கலாம். ஆங்கில மெயில் குறைவாக உள்ள வேறு வேலைப் பிரிவாக இருக்கலாம், அப்படியென்றால் அவர் உங்களுக்கு உதவத்தான் வந்திருக்கிறார். வேலையை விடச் சொல்வதாகவும் இருக்கலாம், அதை நான் மறைக்க மாட்டேன். "பாரு" என்று சொல்லாமல் "பாக்கலாம்மா" என்று சொன்னதைப் பார்த்தால் எனக்கு முதல் இரண்டில் ஒன்றாகத்தான் படுகிறது, ஆனால் நானும் அங்கே நிற்கவில்லை. நின்ற ஆளிடம் கேளுங்கள். மீட்டிங் ரூமில் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டு, "அண்ணா, அன்னைக்கு வேற ஆப்ஷன்னு சொன்னீங்கல்ல, வேற ப்ராஜெக்டைச் சொன்னீங்களா, இல்ல வேலையையே சொன்னீங்களா? நேராச் சொல்லுங்க, எனக்கு முடிவு பண்ண வசதியா இருக்கும்" என்று கேளுங்கள். அவர் பதில் எதுவாக இருந்தாலும் அன்றே அவருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், "இன்று நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து. ஒருவேளை வேலையை விடச் சொல்கிறார்கள் என்றே ஆனாலும், அது எழுத்தில் வரட்டும், உங்கள் நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள், கையெழுத்துப் போடும் முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஹெச்ஆர் உங்களை உட்கார வைத்து இப்போதே போடு என்றால், "வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வரலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

டிராஃப்டில் இருக்கிற அந்த மெயிலை இன்றைக்கே அழித்துவிடுங்கள். இருந்தால் இரவு பதினொரு மணிக்கு ஒரு கெட்ட நேரத்தில் கை அதை அனுப்பிவிடும்.

மேனேஜருக்கு, அடுத்த ரிப்போர்ட் போகும் முன்னால் இப்படி எழுதுங்கள், இதைவிட நீளம் வேண்டாம்: "ஐ மிஸ்ட் யுவர் ஹிண்ட்ஸ் அபவுட் தி ஃப்ரைடே ரிப்போர்ட், சாரி அபவுட் தட். ஃப்ரம் திஸ் வீக் ஐ வில் செக் தி டோட்டல்ஸ் ட்வைஸ், கீப் தி சம்மரி டு ஹாஃப் எ பேஜ், அண்ட் செண்ட் இட் பை ட்வெல்வ் யுவர் டைம். இஃப் எனிதிங் எல்ஸ் நீட்ஸ் சேஞ்சிங், ப்ளீஸ் டெல் மீ டைரக்ட்லி." கடைசி வரிதான் முக்கியம். இனி நேராகச் சொல்லுங்கள் என்று நீங்களே வாசலைத் திறந்து வைக்கிறீர்கள். ‘பை ட்வெல்வ்’ என்பது கோடையில் நமக்கு மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை, அதைக் காலண்டரில் போட்டு வையுங்கள்.

ஷிஃப்ட் விஷயத்தில் ஹிண்ட் கொடுக்கலாமா

எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "மை கமியூட் வில் பீ குவைட் லாங் ஆஃப்டர் ஜனவரி" என்று பேச்சுவாக்கில் சொல்வது ஒரு ஹிண்ட். "ஐ ஹியர்ட் தி மார்னிங் டீம் இஸ் லுக்கிங் ஃபார் பீப்பிள்" என்பது அதைவிட வெளிப்படை, ஆங்கிலத்தில் ‘பிராட் ஹிண்ட்’ என்பார்கள். இதையெல்லாம் அப்புறம் தோழியிடம் சொல்லும்போது "ஐ டிராப்ட் எ ஹிண்ட் அபவுட் மை ஷிஃப்ட்" என்று சொல்லலாம். ‘டு’ போட்டு யாரிடம் என்று சேர்க்கலாம், ‘அபவுட்’ போட்டு எதைப் பற்றி என்று சேர்க்கலாம், பல தடவை என்றால் ‘டிராப்பிங் ஹிண்ட்ஸ்’. இவ்வளவுதான் இலக்கணம்.

ஆனால் ஷிஃப்ட் விஷயத்தில் ஹிண்ட் கொடுக்காதீர்கள். பிறந்தநாளுக்கு என்ன பரிசு வேண்டும், வந்த விருந்தாளி எப்போது கிளம்புவார், இதுபோல பிடிக்காமல் போனாலும் நஷ்டமில்லாத இடத்துக்குத்தான் ஹிண்ட் நல்லது. உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படுகிற ஒன்றை, உங்களுக்கு மேலே இருக்கிறவரிடம் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் புரிந்திருக்கும் என்று காத்திருப்பது ஆபத்து.

1982 ஜனவரி 13-ஆம் தேதி வாஷிங்டனில் கொட்டும் பனியில் ஏர் ஃபுளோரிடா விமானம் ஒன்று கிளம்பியது. உறைபனி பற்றி, இன்ஜின் அளவு காட்டும் கருவி பற்றி, துணை விமானிக்குச் சந்தேகம். அவர் சொன்னார், ஆனால் ‘இது சரியாப் படலையே’ என்கிற பாணியில் பல தடவை சொன்னார். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. கேப்டன் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார், விமானம் நிற்காமல் கிளம்பியது. மேலேறிய விமானம் ஒரு பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது, பாலத்தில் இருந்தவர்கள் நாலு பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். மேலதிகாரி முகம் கோணாமல் பேச வேண்டும் என்ற பழக்கம் அந்த அறையிலும் இருந்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் சந்தேகம் வந்தால் துணை விமானி தெளிவாக, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும் என்று பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் ஷிஃப்ட் உயிர் போகிற விஷயம் இல்லைதான், ஆனால் இரவு பத்தரைக்குக் கிளம்பிப் பெருங்குடியிலிருந்து செங்கல்பட்டு வரை தினமும் தனியாகப் போவது சின்ன விஷயமும் இல்லை. பெண்களை இரவு நேர வேலையில் வைக்க அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் அலுவலகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் தயவு கேட்கவில்லை, கேட்க உரிமை உள்ளதைத்தான் கேட்கிறீர்கள்.

எனவே டீம் லீடிடம் அதே மீட்டிங்கில், முதல் விஷயம் முடிந்ததும், தமிழிலேயே நேராகச் சொல்லுங்கள்: "அண்ணா, தை மாசம் கல்யாணம். அப்புறம் செங்கல்பட்டுல இருந்து வரணும். பிப்ரவரியில இருந்து காலை ஷிஃப்ட் கிடைக்குமா? இல்லைன்னா வீட்டு வாசல் வரைக்கும் கேப் வேணும்." மாதத்தையும் வேண்டியதையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னால் அவரும் மேலே எடுத்துக்கொண்டு போக வசதி. காலை ஷிஃப்டுக்கு மாறினால் லண்டன் நேரத்து ரிப்போர்ட் வேலை உங்கள் கையை விட்டுப் போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் ஷிஃப்ட் அலவன்ஸ் குறையும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடமும் இந்தக் கணக்கைப் பேசிவிடுங்கள், அவர் வீட்டில் யாராவது இதைப் பற்றி ஏற்கெனவே ஜாடையாகப் பேசியிருந்தால் அதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது, போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல, ஆனா ரெண்டு வாரமா ஃபோன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு மூணு மூணு தடவை கேக்குறாங்க." அவர் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை அம்மா. உங்கள் குரலில் ஏதோ இருப்பதை அவர் எப்போதோ பிடித்துவிட்டார், நீங்களாகச் சொல்லக் காத்திருக்கிறார். இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து கேபில் ஏறியதும் அவருக்கு ஃபோன் பண்ணுங்கள்.